முதல் கேமிங் பிசி: ரைசன் 5 7600 + பி550 போர்டு + டிடிஆர்4 ராம் ஒண்ணோட ஒண்ணு சேருமா?

முதல்பில்டு:

வணக்கம். பார்ட்ஸ் தனித்தனியா வாங்கி நானே அசெம்பிள் பண்ணப் போறேன், இதுதான் முதல் தடவை. 1080பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர். வேலரன்ட், பேட்டில்ஃபீல்ட் 6 ரெண்டும்தான் அதிகம் ஆடுவேன். லிஸ்ட் இது:

ரைசன் 5 7600, பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, டிடிஆர்4 3200 ராம் 8 ஜிபி ரெண்டு, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, 1 டிபி எம்.2 எஸ்எஸ்டி, 158 மிமீ உயர டவர் கூலர். கேபினெட்டோட சேர்ந்தே 600 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வருது. வீட்டுல 600 விஏ யுபிஎஸ் இருக்கு.

இதுல ராம் மட்டும் வாங்கிட்டேன், சீல் பிரிச்சாச்சு, திருப்பிக் கொடுக்க முடியாது. மத்ததெல்லாம் இனிமேதான். எங்கேயாவது தப்பு இருந்தா சொல்லுங்க.

திருப்புளி:

நல்லவேளை, வாங்குறதுக்கு முன்னாடி கேட்டீங்க. முதல் ரெண்டு பார்ட்லயே முட்டுது. 7600 ஏஎம்5 சாக்கெட் (போர்டுல சிபியு உட்கார்ற இடம்) சிபியு. பி550 ஏஎம்4 சாக்கெட் போர்டு. ஏஎம்4-ல பின்னெல்லாம் சிபியுவோட அடியில இருக்கும், மொத்தம் 1331. ஏஎம்5-ல பின் போர்டு பக்கம் வந்துடுச்சு, 1718. பயோஸ் (போர்டுக்குள்ள இருக்கிற தொடக்க சாஃப்ட்வேர்) அப்டேட்டெல்லாம் இதுக்கு உதவாது, உட்காரவே உட்காராது.

7600-தான் வேணும்னா போர்டு பி650 இல்ல பி850, ராம் டிடிஆர்5. அப்போ கையில இருக்கிற ராம் வீண். டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டுக்கும் 288 பின்தான், ஆனா நடுவுல இருக்கிற வெட்டு வேற இடத்துல இருக்கு. ஸ்லாட்ல இறங்காது, அழுத்தினா ஸ்லாட்தான் உடையும்.

ராம் விலை 2025 கடைசியிலேர்ந்து ஏறிக்கிடக்கு. அதனால கையில இருக்கிற டிடிஆர்4-ஐ வெச்சு யோசிங்க: ரைசன் 5 5600, அதே பி550 போர்டு. உங்க மானிட்டருக்கும் கார்டுக்கும் அது சரியான ஜோடி. 5600-க்கு 32 எம்பி எல்3 கேஷ் (சிபியு உள்ளேயே இருக்கிற வேக மெமரி), பிசிஐஇ (கார்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் டேட்டா போற வழி) 4.0, டிடிபி (கூலருக்கான வெப்பக் கணக்கு) 65 வாட். பெட்டியோட கூலரும் வரும். ஏஎம்4-ல இனி பெரிய அளவுக்கு மேல ஏற வழியில்லைங்கிறது உண்மைதான். அதுக்காக இப்போ ரெண்டாவது தடவை ராம் வாங்கிக்காதீங்க. அந்தக் காசு கிராஃபிக்ஸ் கார்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் போகட்டும்.

பி550-ன்னா பி550தான். கொஞ்சம் குறையுதேன்னு பி450-க்கு இறங்காதீங்க, காரணம் உங்க கார்டு. 5060 டிஐ-யோட கனெக்டர் நீளமாத் தெரிஞ்சாலும் உள்ள 8 லேன்தான் ஓடுது. பிசிஐஇ 4.0 ஸ்லாட்ல அது போதும். பி450-ல ஸ்லாட் பிசிஐஇ 3.0, வழி பாதியாயிடும்.

ஏர்த்வயர்:

சாக்கெட் விஷயம் மேல சொல்லிட்டாங்க. நான் கரன்ட் பக்கம் மட்டும் சொல்கிறேன், அதுதான் உங்கள் லிஸ்ட்டில் எனக்குப் பயமாக இருப்பது.

கேபினெட்டோடு இலவசமாக வரும் "600 வாட்" எஸ்எம்பிஎஸ்ஸை இந்தக் கார்டுக்குப் போடாதீர்கள். கடையில் அந்தப் பெட்டியைத் திருப்பி, பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12 வோல்ட் என்று போட்ட கட்டத்தைப் பாருங்கள். அங்கே எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதை 12-ஆல் பெருக்குங்கள். 25 ஆம்பியர் என்றால் 300 வாட். மேலே பெரிய எழுத்தில் 600 என்று போட்டிருந்தாலும் சிபியுவுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் அது தரப்போவது அந்த 300தான். ஒழுங்கான 650 வாட் யூனிட்டில் இதே கட்டத்தில் 54 ஆம்பியர் போலக் காட்டும்.

உங்கள் கணக்கு இது. 5600 முழு வேகத்தில் ஓடினால் 76 வாட், கார்டு 180 வாட், போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 60 வைத்துக்கொள்வோம். மொத்தம் 316. இந்தக் கார்டுக்கு என்விடியா சொல்வது 600 வாட் எஸ்எம்பிஎஸ். கார்டு சில மில்லிசெகண்டுக்கு 180-ஐத் தாண்டி இழுக்கும், அதற்காகத்தான் இந்த இடைவெளி. 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின் சிக்கனத் தரச் சான்று), ஐந்து வருட வாரண்டி உள்ளதாக ஒன்று எடுங்கள்.

மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டும் வகை) எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அதன் பெட்டியில் வரும் கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள். போர்டு பக்கத்து முனை எல்லா கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொது விதி கிடையாது. வேறு கம்பெனி கேபிள் அச்சாகப் பொருந்திவிடும், 5 வோல்ட் போகவேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும், ஆன் பண்ணிய கணமே எஸ்எஸ்டியோ ஹார்ட் டிஸ்க்கோ கருகிவிடும்.

யுபிஎஸ்: 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட். 316-ஐ எஸ்எம்பிஎஸ்ஸில் ஆகும் இழப்போடு சேர்த்தால் சுவரிலிருந்து 360-ஐத் தொட்டுவிடும், அதற்கு மேல் மானிட்டர் வேறு. கேம் நடுவில் கரன்ட் போனால் யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும். 1000 விஏ, 600 வாட் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அதன் பின்பக்க ஸ்விட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கட்டும். எஸ்எம்பிஎஸ் 16, 17 மில்லிசெகண்டுதான் தாக்குப்பிடிக்கும். சாதா மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்குள் பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்துவிடுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் 230 ஒட்டி வரவேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நாலைந்து வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். எர்த் இல்லாத பிளக்கில் கேபினெட்டின் திருகை விரலால் தொட்டால் சுரீரென்று இருக்கும். எஸ்எம்பிஎஸ் உள்ளே வருகிற இடத்தில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகச் சுமார் 115 வோல்ட் கேபினெட்டின் உலோக உடம்புக்கு வந்து நிற்பதால்தான் அது. ஆளைத் தூக்கி அடிக்கும் அளவு கரன்ட் அதில் இல்லை, ஆனால் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ போர்ட் போவதற்கு அது போதும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி ஓட்டவே ஓட்டாதீர்கள்.

முதல்பில்டு:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். 5600 + பி550-ன்னு முடிவு பண்ணிட்டேன். எஸ்எம்பிஎஸ் தனியா 650 வாட் எடுக்கிறேன். ரெண்டு சந்தேகம். கடையில 5600 இல்லையாம், "5500 எடுங்க, இல்லேன்னா 5600ஜி எடுங்க, எல்லாம் ஆறு கோர்தான், வித்தியாசமே தெரியாது"ன்னு சொல்றாங்க. எடுக்கலாமா? கேபினெட் ஸ்பெக்ல சிபியு கூலர் 155 மிமீ, கிராஃபிக்ஸ் கார்டு 320 மிமீன்னு போட்டிருக்கு. கூலர் 158. 3 மிமீதானே, அட்ஜஸ்ட் ஆகிடுமா?

திருப்புளி:

வேண்டாம், ரெண்டுமே வேண்டாம். கோர் எண்ணிக்கை ஒண்ணுதான், ஆனா 5500-க்கும் 5600ஜி-க்கும் எல்3 கேஷ் 16 எம்பி, பிசிஐஇ 3.0. பி550 போர்டு போட்டாலும் சிபியு 3.0-ன்னா ஸ்லாட்டும் 3.0-தான். பி450 வேண்டாம்னு சொன்ன அதே பிரச்சினை சிபியு வழியா வந்து நிக்கும். வேலரன்ட் மாதிரி கேம்ல 165 ஃபிரேம் நிலையா வர்றதுக்குக் கேஷும் முக்கியம். ஒரு வாரம் ஆனாலும் காத்திருந்து 5600 வாங்குங்க. 5600எக்ஸ் கிடைச்சா அதுவும் சரி. பில்லுல மாடல் நம்பர் முழுசா இருக்கான்னு பாருங்க. "ட்ரே"ன்னு சொன்னா பெட்டியும் கூலரும் வராது, வாரண்டி யாரு தர்றாங்கன்னு கேட்டுக்கோங்க.

பயோஸ் ஒண்ணு இருக்கு. பி550 போர்டு 2020-லயே வந்துடுச்சு, 5600 வந்தது 2022 ஏப்ரல்ல. ரொம்பநாள் கிடந்த ஸ்டாக்கா இருந்தா பழைய பயோஸ் இருக்கும், டிஸ்ப்ளே வராது. போர்டு கம்பெனி தளத்துல உங்க மாடலோட சிபியு லிஸ்ட்டைத் திறந்து 5600-க்கு எந்த பயோஸ் வெர்ஷன்லேர்ந்துன்னு பாருங்க. பின்பக்கம் பயோஸ் ஃப்ளாஷ் பட்டன் இருக்கிற போர்டா எடுத்தா கவலையே இல்ல. எஸ்எம்பிஎஸ்ஸோட 24 பின், 8 பின் கேபிளை போர்டுல கொடுத்து, ஃபேட்32 பென் டிரைவ்ல ஃபைலைப் போட்டு, சிபியு இல்லாமலே அப்டேட் பண்ணிடலாம்.

ஹீட்சிங்க்:

3 மிமீ அட்ஜஸ்ட் ஆகாது. பக்கவாட்டுக் கதவு ஹீட்பைப் நுனியில் முட்டி நிற்கும். கண்ணாடிக் கதவாக இருந்து திருகை இறுக்கினால் விரிசல் விடும். 5600-க்கு அவ்வளவு பெரிய கூலரே வேண்டாம். பெட்டியோடு வருவது போதும், வெயில் காலத்தில் மூடிய அறையில் சத்தம் கூடும், அவ்வளவுதான். அந்தச் சத்தம் பிடிக்காவிட்டால் 150 மிமீ அல்லது அதற்குக் குறைவான டவர் ஒன்று எடுங்கள். கார்டு நீளத்தில் இன்னொரு சூட்சுமம்: 320 என்பது முன்னால் எதுவும் இல்லாதபோது சொல்வது. முன்பக்கம் உள்ளே ஃபேன் மாட்டினால் 25 மிமீ கழியும்.

அசெம்பிள் பண்ணும்போது கவனிக்க வேண்டியவை. சிபியு மூலையில் ஒரு சின்னத் தங்க முக்கோணம், சாக்கெட்டிலும் ஒன்று. இரண்டையும் ஒரே மூலைக்குக் கொண்டுவந்து வைத்தால் தானாக இறங்கும், விரலால் அமுக்கக்கூடாது. பெட்டிக் கூலர் மாட்ட, போர்டில் இருக்கும் பிளாஸ்டிக் பிராக்கெட் இரண்டையும் கழற்ற வேண்டும். கழற்றும்போது பின்பக்கத் தகடு கீழே விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். நாலு திருகையும் குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொன்றும் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். பேஸ்ட் கூலரிலேயே தடவி வரும், மேலே இன்னும் தடவாதீர்கள். பின்னாளில் கழற்றினால் நேராக இழுக்காதீர்கள், பேஸ்ட் இறுகி சிபியுவே லீவர் பூட்டியபடி பிய்ந்து வந்து பின் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, இடவலமாகத் திருகி எடுங்கள்.

ராம் இரண்டும் சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். பயோஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் பண்ணாவிட்டால் 3200 ராம் 2133-லோ 2666-லோதான் ஓடும்.

எஸ்எஸ்டி என்விஎம்இ-தானா (பிசிஐஇ வழியாக ஓடும் வேகமான வகை) என்று பாருங்கள், எம்.2 வடிவத்திலேயே சாட்டா வகையும் வருகிறது, அது நொடிக்கு 550 எம்பியோடு நின்றுவிடும். சிபியுவுக்குப் பக்கத்தில் இருக்கும் எம்.2 ஸ்லாட்டில் போடுங்கள், அதுதான் 4.0. கீழே இருப்பது 3.0, பல போர்டுகளில் அதில் போட்டால் இரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும்.

கேபினெட்டில் ஸ்டாண்ட்ஆஃப் திருகுகளை (போர்டைத் தாங்கும் சின்னத் தூண்கள்) போர்டின் ஓட்டைகளோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால் போர்டின் பின்பக்கம் ஷார்ட் ஆகும். 4+4 ஆகப் பிரிவது சிபியு கேபிள், 6+2 ஆகப் பிரிவது கார்டு கேபிள். இரண்டிலும் 12 வோல்ட் வரும் பக்கம் நேர்மாறு, ஒன்றை இன்னொன்றில் அழுத்திச் செருகாதீர்கள்.

5600-க்கு உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகினால் திரை கருப்பாகவே இருக்கும், கார்டில் செருகுங்கள்.

விண்டோஸ் 11 போடும்போது வைஃபை டிரைவர் இல்லாமல் நின்றால், போனை யுஎஸ்பியில் இணைத்து டெதரிங் ஆன் பண்ணினால் பெரும்பாலும் நெட் வந்துவிடும். நீங்கள் சொன்ன இரண்டு கேமும் செக்யூர் பூட் (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் தொடங்கவிடும் பயோஸ் செட்டிங்) கேட்கும், அதனால் இன்ஸ்டால் பண்ணும் முன்பே பயோஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய பூட் முறை) அணைத்து, எஃப்டிபிஎம்-ஐ (சிபியுவில் இருக்கும் பாதுகாப்பு வசதி) ஆன் பண்ணி, டிஸ்க்கை ஜிபிடி (புதிய பார்ட்டிஷன் முறை) ஆக வையுங்கள். பிறகு மாற்றினால் விண்டோஸே ஏறாமல் போகலாம். எல்லாம் முடிந்ததும் டிஸ்ப்ளே செட்டிங்கில் 165 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள், பல நேரம் அது 60-லேயே நிற்கும்.