'சப்ளைம்' — தமிழில் என்ன? (அவசரம்)

கயல் எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். முதுகலை மெய்யியல் வகுப்புக்காக, ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் 1790இல் வெளியிட்ட, 'மூன்றாம் விசாரணை' எனப்படும் நூலிலிருந்து சில பகுதிகளைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'அழகு' தொல்லை தரவில்லை. 'சப்ளைம்'தான் உயிரை எடுக்கிறது. இடிமேகம், எரிமலை, கொந்தளிக்கும் கடல் இவற்றை ஆபத்தில்லாத இடத்தில் நின்று பார்க்கும்போது எழும் உணர்வு. 'உன்னதம்' என்று எழுதினேன். "நகைக்கடை விளம்பரத்துல வருமே, அந்த உன்னதமா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். வேறு சொல் இருக்கிறதா?

பனையோலை எழுதியது:
உன்னதம் வடசொல். வீட்டில் நெல் இருக்கக் கடன் எதற்கம்மா? தொல்காப்பியத்தில் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பேசும் மெய்ப்பாட்டியலைத் திறங்கள்: 'புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே'. பெருமையைக் கண்டு மதி போதாமல் நிற்பது. கான்ட் சொல்வதும் அதுதானே? மருட்கை என்று போடுங்கள், முடிந்தது.

ஏடு எழுதியது:
ஐயா, பாதி வழிதான் வந்திருக்கிறீர்கள். கான்ட் தரும் பிரமிடு எடுத்துக்காட்டைப் பாருங்கள். மிக அருகில் நின்றால் கண் அடியிலிருந்து உச்சிக்கு ஏற நேரமாகிறது. மேல் அடுக்கை எட்டுவதற்குள் கீழ் அடுக்கு மனத்திலிருந்து நழுவிவிடுகிறது. முழுதாய்ப் பிடிக்க முடியாமல் கற்பனை தோற்கிறது. அதுவரை மருட்கைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவிலியையே ஒரு முழுமையாக எண்ணவல்ல பகுத்தறிவு நமக்குள் இருப்பதை அந்தத் தோல்விதான் உணர்த்துகிறது என்கிறார். ஆகவே வலியும் இன்பமும் ஒன்றாக. ஜெர்மன் சொல்லின் வேரே 'தூக்குதல்'. மருண்டவன் ஒடுங்குவான், இவன் நிமிர்கிறான். சப்ளைமுக்கு அச்சத்தை அடித்தளமாக வைத்த மெய்யியலாளர் பர்க்கின் நூலை (1757) மொழிபெயர்த்தால் மருட்கைக்கு ஓரளவு இடமுண்டு. அங்கும் சிக்கல்: தொல்காப்பியர் அச்சத்தைத் தனி மெய்ப்பாடாக அல்லவா வைத்தார்?

வெளிச்சவீடு எழுதியது:
விழுமம்? தொல்காப்பியத்தில் சொற்பொருள் கூறும் உரியியல் சொல்வது: 'விழுமம் சீர்மையும் சிறப்பும் இடும்பையும்'. உயர்வும் துன்பமும் ஒரே சொல்லுக்குள். நாங்கள் தேடுவது இதுதானே?

பனையோலை எழுதியது:
அருமை! மருட்கையைத் திரும்பப் பெறுகிறேன். விழுப்புண், விழுத்திணை, விழுமியோர் எல்லாம் இந்த 'விழு'தான். கீழே விழுவதோடு இதற்கு உறவுண்டா என்பது தனிக்கதை. என் கருத்தில் உண்டு. பெரியதன் முன் மனிதன் விழத்தானே செய்கிறான்? நாளை விரிவாக எழுதுகிறேன்.

தராசு எழுதியது:
எழுத வேண்டாம் ஐயா. வேதியியல்காரன் ஒரு சொல்: கற்பூரம் நேராக ஆவியாவதற்கு நாங்கள் 'பதங்கமாதல்' என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கும் ('சப்ளிமேஷன்') இதே வேர்தான். பதங்கம் என்றாலே என்னவென்று என் மாணவர்கள் யாருக்கும் தெரியாது. ஆனாலும் தேர்வில் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். எதைப் போட்டாலும் பழகிவிடும்.

கயல் எழுதியது:
பழகாத சொல் என்றால் பழக்கலாம். விழுமம் வேறொன்றாகப் பழகிவிட்டது, அதுதான் தொல்லை. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். எல்லாருக்கும் 'விழுமியக் கல்வி' நினைவுக்கு வந்தது. நேர்மை, ஒழுக்கம், காலை வழிபாட்டுக் கூட்டம்! கான்ட் இந்த உணர்வை அறவுணர்வோடு இணைத்துப் பேசுவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. அதே மூச்சில் 'டேஸ்ட்'டுக்கும் சொல் கொடுங்கள். ரசனை, சுவை இரண்டையும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன்.

பனையோலை எழுதியது:
சுவை. இதில் கேள்வியே இல்லை.

ஏடு எழுதியது:
இருக்கிறது ஐயா. நம் மரபில் சுவை பெரும்பாலும் பாட்டிலும் கூத்திலும் இருப்பது, எண்சுவை என்கிறோம். கான்ட் பேசுவது பார்ப்பவரின் தீர்ப்புத்திறனை. 'அவருக்கு ரசனை உண்டு' என்றால் தெருவில் போகிறவருக்கும் புரியும். 'அவருக்குச் சுவை உண்டு' என்றால் ஆளைக் கடித்துப் பார்த்தீர்களா என்பார்கள்.

கயல் எழுதியது:
கோப்பை அனுப்பிவிட்டேன். உன்னதம், ரசனை. விழுமத்தை உரியியல் நூற்பாவோடு அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

பனையோலை எழுதியது:
மேலே வடசொல், தமிழுக்கு அடிக்குறிப்பா? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'விழு' பற்றிய கட்டுரையை நாளை அனுப்புவேன், யார் தடுத்தாலும்.

வெளிச்சவீடு எழுதியது:
அனுப்புங்கோ ஐயா, நான் வாசிப்பன்.