புதுப்பிப்பு: வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, மகளின் மூளை எம்.ஆர்.ஐ. முடிவு

வளர்ச்சி ஹார்மோன் குறைவாக உள்ள மகளுக்கு மயக்க மருந்தில்லாமல் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மயக்க மருந்து தேவைப்படவில்லை. ஸ்கேன் சத்தத்தை வீட்டிலேயே போட்டுக் கேட்கவைத்து, அசையாமல் படுக்கப் பழக்குங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. 'டக் டக்' என்று தொடங்கியதும் தானாகவே கண்ணை மூடிக்கொண்டாள்.

கட்டி எதுவும் இல்லை, அப்பாடா! எதிர்பாராதது வேறு: மூளையின் அடியில் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதி சிறியது, அதை மூளையோடு இணைக்கும் தண்டு மிக மெல்லியது, பின்பகுதியின் வெண்புள்ளி தன் இடத்தில் இல்லாமல் மேலே ஹைபோதலாமஸ் என்ற மூளைப் பகுதி அருகே தெரிந்தது. அறிக்கையில் 'எக்டோபிக் போஸ்டீரியர் பிட்யூட்டரி' என்று இருந்தால் இதுதான், அது கட்டியல்ல. ஆனால் தைராய்டு, கார்டிசால் ஆகிய மற்ற ஹார்மோன்களும் பின்னாளில் குறையலாம் என்பதால் அவற்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். இப்போதைக்கு இரண்டும் சரி. வளர்ச்சி ஹார்மோன் ஊசி தொடங்கிவிட்டோம்.