புதுப்பிப்பு: நாய் சாப்பிட ஆரம்பிச்சிடுச்சு

கோடை முடியப் போற நேரத்துல எங்க நாய் சாப்பாட்டைத் தொடவே மாட்டேங்குதுன்னு புலம்பியிருந்தேனே, அதோட தொடர்ச்சி இது. டாக்டர் பார்த்தாச்சு. காய்ச்சல் இல்லை, 38.8 டிகிரிதான், நாய்க்கு 39.2 வரை சாதாரணம். எல்லாம் வெக்கை பண்ற வேலை. நாய்க்குப் பாதத்துல மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும், மத்தபடி மூச்சிரைச்சுத்தான் உடம்பைத் தணிச்சுக்கணும். அதனால சாப்பாட்டை விடியறதுக்கு முன்னாடியும் இருட்டின பிறகும்னு மாத்தினோம். இப்போ கிண்ணத்தை நக்கி நக்கி, சுவர் வரைக்கும் மூக்கால தள்ளிக்கிட்டே போகுது!

முடியை ஒட்ட வெட்டச் சொன்னவங்களுக்கு: வேண்டவே வேண்டாம்னுட்டார், வெயில்ல தோல் வெந்துடுமாம்.

மதியம் முழுக்க என் மேசைக்கு அடியிலதான். ஆபீஸ் மீட்டிங்ல அது இரைக்கிற சத்தம்தான் முதல்ல கேக்குது. பசங்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாச்சு, இனி வீடு அமைதியாகும்னு பார்த்தா, வாசல்ல உட்கார்ந்து முனகிட்டே இருக்கு. அதுக்கு ஒரு வழி இருந்தா சொல்லுங்க.