ட்ரெயில் கேமராவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'தடங்காணி' என்று ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இரவில் கோழிக்கூட்டுக்கு வந்துபோவது எந்த விலங்கு என்று கண்டுபிடிப்பதைப் பற்றி, வீட்டில் கோழி வளர்ப்பவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். விலங்கு வந்தால் தானாகவே படம் எடுக்கும் ட்ரெயில் கேமராவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

செய்தித்தாள்களில் 'தானியங்கி கேமரா' என்று எழுதுகிறார்கள். எளிமையான சொல்தான். ஆனால் இன்று எந்தக் கேமரா தானாக இயங்காமல் இருக்கிறது? 'கண்காணிப்பு கேமரா' என்றால் சுவரில் மாட்டி நாள் முழுக்கப் பதிவு செய்வதுதான் நினைவுக்கு வரும். நம் கருவி அப்படியல்ல. பெரும்பாலான நேரம் அது தூங்குகிறது. சுற்றுப்புறத்திலிருந்து மாறுபட்ட வெப்பம் உள்ள ஏதாவது எதிரே நகர்ந்தால், முன்புறம் உள்ள அகச்சிவப்பு உணரி கண்டுகொள்கிறது. உடனே கேமரா விழித்து, படம் எடுத்துவிட்டு, மறுபடி தூங்கப் போய்விடுகிறது. சில பேட்டரிகளிலேயே மாதக்கணக்கில் ஓடுவது அதனால்தான்.

இதற்கு 'கேமரா ட்ராப்' என்ற பெயரும் இருப்பதால் 'பொறி' சேர்த்து ஒரு சொல் ஆக்கலாமே என்று தோன்றும். பொறி எனக்கு மிகவும் பிடித்த சொல். இயந்திரமும் பொறி, புலனும் பொறி, விலங்கைப் பிடிப்பதும் பொறி, பதித்து வைப்பது பொறித்தல். எல்லாமே இந்தக் கருவிக்குப் பொருந்துகின்றன. ஆனாலும் வேண்டாம் என்கிறேன். கோழி வளர்ப்பவர் வீட்டில் எலிப்பொறி நிஜமாகவே இருக்கும். 'கூட்டுக்குப் பின்னால் பொறி வைத்திருக்கிறேன்' என்று அவர் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் தன் பூனையை நினைத்துப் பயப்படத்தானே செய்வார்?

பூனை என்றதும் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்தில் ஐந்து கோழிகள் போயின. விடிந்ததும் கூட்டருகே நின்றது ஒரு பூனை. அதுதான் கொன்றது என்று முடிவு கட்டி, கண்ட இடத்திலெல்லாம் விரட்டினோம். கேமரா வைத்த மூன்றாம் இரவில் 2 மணி வாக்கில் படத்தில் விழுந்தது மரநாய். பூனை வந்தது 4 மணிக்கு மேல், மிச்சத்தைத் தின்ன. செய்யாத குற்றத்துக்கு அந்தப் பூனை அடிவாங்கியது இன்னும் மனதை அறுக்கிறது. யாரையும் பிடிக்காமல், காயப்படுத்தாமல், வந்தது யார் என்று மட்டும் சொல்லும் கருவி இது. பொறி என்ற சொல்லை நான் தவிர்க்க அதுவும் ஒரு காரணம்.

என் முன்மொழிவு: தடங்காணி. கண்காணிப்பு கேமராவுக்கு மறைகாணி என்ற சொல் ஏற்கெனவே புழங்குவதால் காணி காதுக்குப் புதிதல்ல. உங்கள் கருத்து வேண்டும்.

அன்புடன்.

*

மறுமொழி 1

> என் முன்மொழிவு: தடங்காணி.

வணக்கம். சொல் நன்றாக ஒலிக்கிறது. இரண்டு தயக்கங்கள். ஒன்று, தடம் என்றால் காலடித் தடம். இந்தக் கருவி காலடியைப் பார்ப்பதில்லை, விலங்கையே பார்க்கிறது. இரண்டு, கேமரா என்ற சொல்லை எல்லோரும் அறிவார்கள். 'தடக்கேமரா' என்று விட்டுவிட்டால் என்ன? 'தடநோக்கி' என்பதையும் யோசித்தேன். தொலைநோக்கி, நுண்ணோக்கி வரிசையில் சேரும்.

*

மறுமொழி 2

நண்பர்களே, காட்டுயிர்ப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. பொறி என்ற எண்ணம் சும்மா வந்ததல்ல. ஜார்ஜ் ஷைரஸ் என்ற அமெரிக்கர், விலங்கு கயிற்றை இழுத்தால் மின்னல் விளக்கு எரிந்து படம் பதியும்படி அமைத்தார். தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது அந்த விலங்கு. அவருடைய காட்டுயிர்ப் படங்கள் 74, நேஷனல் ஜியாகிரபிக் இதழில் 1906 ஜூலையில் வந்தன. பிறகு இந்தியப் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1995ல் வெளியிட்ட ஆய்வில், கேமரா ட்ராப் படங்களில் தெரிந்த புலியின் உடல்வரிகளைக் கொண்டு ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு எண்ணிக்கையைக் கணித்தார். பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து எண்ணும் பழைய கணக்குமுறைதான் அது. பிடிப்பது மட்டும் படத்தில் நடந்தது. ஆகவே ஆய்வாளர்கள் பொறியை விடமாட்டார்கள். ஆனால் கோழி வளர்ப்பவர்களுக்கு வேறு சொல் வேண்டும் என்பது எனக்கும் சரியாகவே படுகிறது.

*

மறுமொழி 3 (முதல் மடல் எழுதியவர்)

இருவருக்கும் நன்றி. கயிற்றுச் செய்தி எனக்குப் பெரிதும் உதவியது. அன்று கயிறு செய்த வேலையை இன்று உணரி செய்கிறது.

> தடம் என்றால் காலடித் தடம்.

வழியும் தடம்தானே. கூட்டுக்கு வரும் விலங்கு பெரும்பாலும் வந்த வழியிலேயே திரும்ப வருகிறது: வேலியோரம், சுவரோரம், புதர் ஓரம். அந்தத் தடத்தைக் கண்டுபிடித்து அங்கே கருவியை வைப்பதில்தான் பாதி வெற்றி. காலடியும் வழியும் ஒரே சொல்லில் வருவது இங்கே வசதி.

'தடநோக்கி' வேண்டாம் என்பேன். தொலைநோக்கியிலும் நுண்ணோக்கியிலும் கண்ணை வைத்துப் பார்ப்பது நாம். இங்கே நாம் தூங்குகிறோம், பார்ப்பது கருவி. 'தடக்கேமரா' தவறில்லை. பேச்சில் அப்படியே வரட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் கையேட்டில் துணைச்சொற்களும் தேவை. அவற்றோடு தடங்காணிதான் இயல்பாகப் பொருந்துகிறது.

உணரி தூண்டப்பட்டு கேமரா இயங்கும் கணத்தை 'விழிப்பு' என்கிறேன். விழி என்றால் கண், விழி என்றால் தூக்கம் கலை. இரண்டு பொருளும் இங்கே ஒன்றாக நிற்பதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! விலங்கு எதுவும் இல்லாமல், வெயிலில் சூடேறிய கிளையோ புல்லோ ஆடியதற்கு எடுத்த படம் 'வெற்று விழிப்பு'. உணரி கண்டுகொள்வதற்கும் படம் எடுப்பதற்கும் இடையே ஆகும் நேரம் 'விழிப்பு நேரம்'. இது நீண்டால் படத்தில் வால் மட்டும்தான் இருக்கும்.

சொற்கள் நிற்கின்றனவா என்று பார்க்க, கையேட்டிலிருந்து ஒரு பகுதி:

"தடங்காணியை முழங்கால் உயரத்தில், விலங்கு குறுக்காகக் கடக்கும்படி வையுங்கள். நேராக எதிரே வரும் விலங்கைவிடக் குறுக்கே போவதை உணரி எளிதில் கண்டுகொள்ளும். மூன்றிலிருந்து ஐந்து மீட்டர் தூரம் இருக்கட்டும். மிகவும் நெருங்கினால் அகச்சிவப்பு விளக்கின் ஒளியில் முகம் வெளுத்துவிடும். எதிரே உள்ள புல்லை வெட்டுங்கள், வெற்று விழிப்பு குறையும். தேதியையும் மணியையும் சரியாக அமைத்துவிட்டு வாருங்கள். இரவுப் படம் கறுப்பு வெள்ளை என்பதால் நிறத்தை நம்பாதீர்கள். உடல் நீளத்துக்கு வால் எவ்வளவு, கால் குட்டையா நெட்டையா, நடக்கும்போது முதுகு எப்படி வளைகிறது என்று பாருங்கள். நரிக்கு வால் அடர்ந்து தொங்கும். மரநாய்க்கு உடல் தாழ்ந்து, வால் ஏறக்குறைய உடலளவு நீண்டிருக்கும். அளவுக்குறி போட்ட ஒரு குச்சியைத் தடத்தில் நட்டு வைத்தால் உயரத்தை ஊகிக்க வேண்டியதில்லை. கீரி பகலில் திரிவது; நள்ளிரவுப் படத்தில் கீரி என்று தோன்றினால் இன்னொரு முறை பாருங்கள். படத்தில் விழுந்ததெல்லாம் கொன்றதல்ல. செத்த கோழியைத் தின்ன வந்ததாகவும் இருக்கலாம். ஆகவே முதலில் வந்தது எது என்று மணியைப் பாருங்கள்."

இருட்டில் படம் எடுக்க உதவும் அகச்சிவப்பு விளக்குக்கும் பெயர் வேண்டும். 850 நானோமீட்டர் அலைநீள விளக்கு எரியும்போது மங்கலான சிவப்புப் புள்ளியாகத் தெரியும், அதற்கு 'மங்குசிவப்பு'. 940 நானோமீட்டர் நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒளி எட்டும் தூரம் குறைவு, அதற்கு 'காணாச்சிவப்பு'. விலங்கின் கண் விளக்கொளியைத் திருப்பி அனுப்பி மின்னுவதைக் 'கண்மினுக்கம்' என்று எழுதியிருக்கிறேன்.

ஆய்வாளர்கள் பொறி என்பதையும், வளர்ப்பவர்கள் தடங்காணி என்பதையும் பயன்படுத்தட்டும். கையேட்டில் முதல் முறை வரும்போது 'தடங்காணி, அதாவது ட்ரெயில் கேமரா' என்று போட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. பாம்பின் உடல் வெப்பம் தரையின் வெப்பத்தோடு ஒட்டிப்போவதால் அது ஊர்ந்துபோனாலும் உணரி பெரும்பாலும் அசைவதில்லை. முட்டை மட்டும் காணாமல் போய், படத்தில் ஒன்றும் இல்லையென்றால் பாம்பையும் சந்தேகிக்க வேண்டும். அதற்கு, உணரியை நம்பாமல் நிமிடத்துக்கு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே இருக்கும் அமைப்பு இந்தக் கருவியில் உண்டு. அதை 'இடைவிட்டுப் படம்' என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். எனக்கே திருப்தி இல்லை. வேறு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் முடிக்காமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்.