4,200 பேர் உள்ள ஊராட்சி: உரக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து, தொட்டி எத்தனை?

வார்டு4:
எங்கள் ஊராட்சியில் 1,100 வீடு, 4,200 பேர், ஒரே கிராமம். மக்கும் குப்பைக்குக் கொட்டகையும் தொட்டியும் கட்ட மதிப்பீடு கேட்கிறார்கள். தூய்மை பாரத இயக்கத்தில் எவ்வளவு வரும்? தொட்டி எண்ணிக்கையை எதை வைத்து முடிவு செய்வது? பக்கத்து ஊரில் கட்டினதில் இப்போது ஆடு கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
தூய்மை பாரத ஊரக இயக்கத்தின் இரண்டாம் கட்ட விதிப்படி, 5,000 பேர் வரை உள்ள கிராமத்துக்குத் திடக்கழிவுக்குத் தலைக்கு 60 ரூபாய் வரை. அதைத் தாண்டினால் 45. உங்களுக்கு உச்சவரம்பு 2,52,000 ரூபாய். இதில் இயக்கப் பணம் 70 சதவீதம், 1,76,400. மீதி 75,600 ரூபாயை மத்திய அரசின் 15-வது நிதிக்குழு மானியத்திலிருந்து ஊராட்சிதான் போட வேண்டும். அந்த நிதிக்குழுவின் காலம் 2025-26 வரைதான், ஆகவே நடப்பு ஆணையை வட்டார அலுவலகத்தில் வாங்கிப் படித்துவிட்டு எழுதுங்கள்.

இதெல்லாம் கட்டுவதற்கு. கூலி, பேட்டரி, சாக்கு, சல்லடை மாதாமாதம் வரும் செலவு. ஆடு கட்டும் கதை அங்கேதான் தொடங்குகிறது. நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் இன்ன வேலைக்குத்தான் என்று வரையறுக்கப்பட்டது, அதில் பாதி சுகாதாரத்துக்கு, பாதி குடிநீருக்கு. அந்தச் சுகாதாரப் பாதியில் பராமரிப்புக்கு இப்போதே ஒரு வரி எழுதிவிடுங்கள். பணி ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் இல்லாமல் போனால் ஊராட்சிக் கணக்குக்கான இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் பில் நகராது. அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வையுங்கள், வீட்டுக் கட்டணம் வாங்குவதாக இருந்தால் அதையும் சேர்த்து.

மக்குமண்:
மதிப்பீட்டுக்கு முன்னால் தராசு. ஏழு நாள் தொடர்ந்து, ஞாயிறும் சந்தை நாளும் விடாமல், மக்கும் குப்பையைத் தனியாக எடை போடுங்கள். மாடு இருக்கிற வீட்டில் கழனித்தண்ணியும் காய்த்தோலும் மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும், தெருவுக்கு வராது. நகரத்துக் கணக்கை ஊருக்குப் போட்டால் பாதித் தொட்டி காலியாகக் கிடக்கும்.

நாளைக்கு 300 கிலோ வருகிறது என்று வையுங்கள். ஏறக்குறைய 0.6 கன மீட்டர். அதே அளவு காய்ந்த சருகு சேர்த்தால் 1.2. 4×4×4 அடித் தொட்டி 1.8 கன மீட்டர் பிடிக்கும், குப்பை அமுங்குவதால் இரண்டு நாள் தாங்கும். 30 நாள் தொட்டியில் என்றால் 15 தொட்டி, மாற்றுக்கு 2. பிறகு கூரைக்குள் தரையில் குவித்து இன்னும் 15-20 நாள். 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் நாளுக்கு 60-75 கிலோ உரம்.

சுவரில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்குங்கள், காற்று போகணும். தரையை ஒரு அடி உயர்த்திச் சரிவு கொடுங்கள், இல்லையென்றால் ஐப்பசி மழையில் தொட்டி குளமாகும்.

வார்டு4:
மண்புழு வேண்டாமா, சார்? பக்கத்து ஊரில் நாற்றம்தான் பெரிய புகார்.

மக்குமண்:
பச்சைக் குப்பையில் நேராகப் புழுவை விட்டால் சூட்டில் செத்துப்போகும். முதல் 20-25 நாள் சூடு அடங்கட்டும், பிறகு விடலாம். ஆள் குறைவென்றால் புழுவே வேண்டாம்.

அழுகல் நாற்றம் என்றால் ஈரம் அதிகம். கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள், இரண்டு சொட்டுக்கு மேல் வடிந்தால் சருகு போட்டுக் கிளறுங்கள். மூக்கைத் துளைக்கிற அமோனியா நெடி என்றாலும் சருகுதான் மருந்து. மாசி, பங்குனியில் உதிர்கிற சருகை எரிக்க விடாமல் மூட்டை கட்டி வைக்காத ஊரில் மழைக்காலத்தில் எந்தத் தொட்டியும் நாறும். சூட்டைப் பார்க்க இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து எடுங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் சரி. மீன் கழிவை நடுவில் புதைத்து மேலே அரை அடி சருகு.

பழையஇரும்பு:
மக்காத குப்பையைப் பற்றி யாரும் பேசவில்லையே. அட்டை, பாட்டில், இரும்பு தானாக விற்கும். சிப்ஸ் கவர், சாஷே மாதிரி பல அடுக்கு பிளாஸ்டிக்தான் கொட்டகையை அடைக்கும். அரியலூர்ப் பக்கச் சிமெண்ட் ஆலைகளில் எரிபொருளாகப் போகும், ஆனால் ஈரமும் பி.வி.சி.யும் கலந்தால் எடுப்பது கஷ்டம், பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது. அமுக்கிக் கட்டாமல் ஏற்றினால் லாரி நிரம்பியும் எடை வராது, வாடகை நம் தலையில். அப்படிக் கட்டுகிற பேலிங் இயந்திரம் ஒரு ஊராட்சிக்குக் கட்டுப்படியாகாது. ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு அலகுக்கு 16 லட்சம் ரூபாய் வரை அதே இயக்கத்தில் இருக்கிறது. உங்கள் ஒன்றியத்தில் அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு கொட்டகையின் நீளத்தை முடிவு செய்யுங்கள்.