மறுமொழி: வெள்ளை நாயின் கண்ணடிச் செந்நிறம் – கறையா, கறளா?

அன்புள்ள கலைச்சொற் குழுவினருக்கு,

வணக்கம். வெள்ளை, கிறீம் நிற நாய்களுக்குக் கண்ணுக்குக் கீழும் வாயோரத்திலும் பாதத்திலும் ஏறுகிற செம்பழுப்பு நிறத்துக்கு ஒரு சொல் தேடத் தொடங்கினோம். கண்ணீர்க்கறை, செம்பட்டை, காவி மூன்றும் வந்திருக்கின்றன. நான் நாலாவதாக ஒன்றைச் சொல்ல வருகிறேன். அதற்கு முன் குழுவில் ஒருவர் எழுதிய இந்த வரிக்குப் பதில்:

> கறை என்றாலே எல்லோருக்கும் விளங்குமே. புதிதாக ஒன்று எதற்கு?

விளங்கும். ஆனால் பிழையாக விளங்கும் என்பதுதான் என் கவலை. கறை என்று காதில் விழுந்ததும் கை சவர்க்காரத்தைத் தேடுகிறது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம், வெள்ளைப் பொமரேனியன் ஒன்று வளர்க்கிறோம். இடது கண்ணுக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்தபோது கறைநீக்கி என்று ஒரு கடையில் தந்த போத்தலை வாங்கி மாதக்கணக்கில் துடைத்தேன். கோடு போகவில்லை, கண்தான் சிவந்தது. அப்புறம் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் இரண்டு கண்ணிலும் செம்மஞ்சள் சாயம் ஒரு துளி விட்டுக் காத்திருந்தார். சில நிமிடத்தில் அந்தச் சாயம் கண்ணீரில் கரைந்து வலது மூக்குத் துவாரத்தில் பச்சையாக எட்டிப்பார்த்தது. இடது பக்கம் ஒன்றுமே வரவில்லை. கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் கண்ணீர்க்கான் அந்தப் பக்கம் அடைபட்டிருந்தது. மூக்குக்குள் இறங்க வேண்டிய கண்ணீர் கன்னத்தில் இறங்கியிருக்கிறது. மயக்கம் கொடுத்துக் கானைக் கழுவிவிட்டார்கள், ஒழுக்கு நின்றது. ஏற்கெனவே சிவந்த மயிர் சிவப்பாகவே இருந்தது. அது வளர வளரக் கத்தரித்தோம், கீழிருந்து வெள்ளை வந்தது.

அத்தனை மாதம் நான் மயிரைப் பார்த்தேன், கண்ணைப் பார்க்கவில்லை. அதில் பாதிப் பிழை சொல்லுடையது என்று இப்போது நினைக்கிறேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது என்பதைக் குழுவில் யாரும் விரிவாக எழுதவில்லை. போர்பிரின் என்ற வளைய மூலக்கூறுகள்தான் காரணம். அந்த வளையத்தின் நடுவில் இரும்பு அமர்ந்தால் அது ஈமோகுளோபினில் இருக்கும் ஈம். உடல் வெளியேற்றும் போர்பிரின் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் கலந்து வருகிறது. நனைந்த மயிரில் தங்குகிறது, வெயில் பட்டால் இன்னும் கறுக்கிறது. கறுப்பு நாய்க்கும் இதே கண்ணீர்தான், அதில் நமக்குத் தெரிவதில்லை. பாதத்தை ஓயாமல் நக்கும் நாய்க்கு விரலிடுக்கு சிவப்பதும் இதனால்தான், அங்கே வேலை செய்வது உமிழ்நீர். நக்குவதற்குப் பின்னால் ஒவ்வாமை இருக்கலாம். ஆகவே கண்ணீர்க்கறை என்பது தலைச்சொல்லாக நிற்காது, ஒரு வகையாகத்தான் நிற்கும்.

செம்பட்டை எனக்கும் பிடித்த சொல். ஆனால் எண்ணெய் காணாத தலைமயிரும் செம்பட்டை, வெயிலில் வெளிறிய கறுப்பு நாயும் செம்பட்டை. காவி நிறத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. வெற்றிலை போடுபவர் பல்லில் காவி ஏறுவது போல மெல்ல மெல்ல ஏறுவதுதான் இதுவும். இருந்தாலும் இன்று காவி என்றால் துணிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதை விட்டுவிடலாம்.

என் அம்மா முதல் நாளே ஒரு சொல் சொன்னார்: "கண்ணுக்குக் கீழ கறள் வடிஞ்ச மாதிரிக் கிடக்கு." கறள் என்றால் இரும்பில் பிடிக்கும் துரு. திருகோணமலையில் இருப்பவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. கடற்காற்றுக்கு யன்னல் கம்பி கறள்பிடித்து, மழையில் வெள்ளைச் சுவரில் கோடாக இறங்கும். அதே நிறம், அதே வடிவம். அந்தக் கோட்டைக் கண்டால் நாங்கள் சுவரைத் தேய்ப்பதில்லை, மேலே எந்தக் கம்பியில் நீர் இறங்குகிறது என்றுதான் பார்ப்போம். ஒரு சொல் ஆளை மேலே பார்க்கவைக்கும் என்றால் அதைவிட நல்ல கலைச்சொல் எது?

மறுப்பு வரும் என்று தெரியும். கறள் என்றால் கிணற்றுநீரில் உள்ள இரும்பு என்று ஆட்கள் நினைத்துவிடுவார்கள். நியாயமான பயம், இதற்காகத் தண்ணீர் மாற்றுகிறவர்களை நானும் கண்டிருக்கிறேன். அதனால்தான் முன்னால் சுரப்பு என்பதைச் சேர்க்கிறேன்: சுரப்புக்கறள். அதன் கீழே கண்ணீர்க்கறள், உமிழ்நீர்க்கறள். நிறம் உடலின் சுரப்பிலிருந்து வந்தது என்பதைச் சொல்லே சொல்லிவிடும். கந்தளாய்ப் பக்கச் செம்மண் காலில் ஒட்டினால் அது மண்கறை, கழுவினால் போய்விடும். தோல் மடிப்பில் நாற்றத்தோடு வரும் பழுப்பு மதுவத் (ஈஸ்ட்) தொற்றாக இருக்கலாம். அதையும் இதற்குள் போடக்கூடாது, அதற்கு மருந்து வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் கறைநீக்கித் தூள்கள் இங்கே கைமாறுகின்றன. 2014 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், அனுமதி பெறாத இத்தகைய தயாரிப்புகள் சிலவற்றில் டைலோசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பி இருப்பதாக எச்சரித்தது. நிறத்தைப் போக்க நுண்ணுயிர் எதிர்ப்பி ஊட்டுவதா? கண்ணருகே ஐதரசன் பேரொட்சைட்டு பூசும் வழக்கமும் இருக்கிறது, விழியில் பட்டால் புண்ணாகும். இளஞ்சூட்டு உப்புநீரில் தோய்த்த பஞ்சால் ஒற்றி, உலரத் துடைத்து, கண்ணோர மயிரைக் குட்டையாக வைத்தால் போதும். ஒழுக்கு புதிதாகத் தொடங்கினால் வைத்தியரிடம் போக வேண்டும். இவை பதிவின் விளக்கத்தில் வரட்டும்.

சென்னை நண்பர் மயிர் என்பதை உரோமம் ஆக்கச் சொன்னார். எங்கள் பக்கம் தலைமயிர் என்று கூச்சமில்லாமல் சொல்கிறோம், ஆனால் அங்கே அது வசைச்சொல் ஆகிவிட்டது. விளக்கத்தில் உரோமம் என்றே போடுவோம், எனக்குச் சம்மதம். கறள் என்பதற்குத் துரு என்று அடைப்பில் தந்தால் அங்குள்ளவர்களுக்கும் விளங்கும்.

என் வரைவு:

சுரப்புக்கறள் (பெ.): வெளிர்நிற விலங்குகளின் உரோமத்தில், கண்ணீர், உமிழ்நீர் ஆகியவற்றிலுள்ள போர்பிரினால் ஏறும் செம்பழுப்பு நிறம். வினை: கறளேறு.

கறள்பிடி, கறளேறு இரண்டில் எது நல்லது என்று மட்டக்களப்பு, மன்னார் அன்பர்கள் சொல்லுங்கள். எங்கள் வாயில் முதலாவதுதான் வருகிறது, ஆனால் நிறம் மெல்ல ஏறுவதை இரண்டாவதுதான் சொல்கிறது.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து