ஓப்பன்ஸ்டாக்கில் கமிட் எண்ணிக்கை குறைந்திருப்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: குடந்தை விரிவுரையாளர்

வணக்கம். கும்பகோணத்துக்கு அருகில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் துறையில் பணிபுரிகிறேன். எங்கள் இறுதியாண்டு மாணவியர் குழு ஒன்று, நூலக மேலாண்மை, வருகைப்பதிவு என்று ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் செய்யப்படும் மென்பொருள்களை விட்டுவிட்டு, உண்மையாகவே பலர் பயன்படுத்தும் ஒரு திறந்த மூல மேகக் கணிமைத் திட்டத்துக்குப் பங்களித்து, அதையே தங்கள் திட்டப்பணியாகக் காட்ட விரும்புகிறது. அவர்களுடைய முதல் தேர்வு ஓப்பன்ஸ்டாக்.

இதில் எங்கள் துறைக்குள் கருத்து வேறுபாடு எழுந்துள்ளது. ஒவ்வொரு பதிப்புக்கும் எத்தனை கமிட் (நிரலில் சேர்க்கப்படும் மாற்றம்) வந்தது, எந்த நிறுவனத்தின் பங்கு எவ்வளவு என்பதை ஸ்டாக்கலிட்டிக்ஸ் போன்ற தளங்கள் வரைபடமாகக் காட்டுகின்றன. 2016-ஐ ஒட்டிய காலத்தில் உச்சத்தில் இருந்த எண்ணிக்கை அதன் பின் வெகுவாக இறங்கியிருப்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. ஆள் கலைந்துபோன இடத்துக்குப் பிள்ளைகளை ஏன் அனுப்ப வேண்டும் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்கிறார். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு தவறாமல் வந்துகொண்டிருப்பதையும் பார்க்கிறேன். இந்த இரண்டையும் எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

எங்கள் வசதிகளையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வகக் கணினிகளில் 8 ஜிபி நினைவகம்தான் உள்ளது. பாபநாசம், திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் மாணவியர் பலருக்கு வீட்டில் கைப்பேசியின் இணையம் மட்டுமே உண்டு. வேலைவாய்ப்பைப் பற்றி நான் கேட்கவில்லை. இந்தச் சமூகத்தின் செயல்பாட்டை உள்ளிருந்து பார்த்தவர்களின் கருத்தே வேண்டும்.

பதில் 1: மன்னை நிர்வாகி

விரிவுரையாளர் அவர்களுக்கு வணக்கம். மன்னார்குடியில் வீட்டிலிருந்தபடியே ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஓப்பன்ஸ்டாக் கிளவுடைப் பராமரிப்பது என் வேலை. அதில் வலையமைப்பைக் கவனிக்கும் நியூட்ரான் பகுதிக்கு அவ்வப்போது பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்புவதும் உண்டு.

வரைபடம் சரியானதுதான். ஆனால் அதன் உச்சத்தில் எவ்வளவு காற்று இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2010 ஜூலையில் நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து இத்திட்டத்தைத் தொடங்கியபோது, நாசாவின் நெபுலா திட்டத்திலிருந்து, மெய்நிகர் கணினிகளை இயக்கும் நோவாவும், ராக்ஸ்பேஸின் கிளவுட் ஃபைல்ஸ் சேவையிலிருந்து, கோப்புகளைச் சேமிக்கும் ஸ்விஃப்டும் வந்தன. 2012-இல் அறக்கட்டளை அமைந்ததும் பெரிய நிறுவனங்கள் பலவும் சம்பளம் கொடுத்து ஆட்களை அனுப்பின. யார் முதலிடம் என்பதே விளம்பரமாக மாறியதால், எழுத்துப்பிழைத் திருத்தம் ஒன்றையே பல களஞ்சியங்களுக்குத் தனித்தனி பேட்சாக அனுப்பி எண்ணிக்கையைப் பெருக்கும் வழக்கமும் வளர்ந்தது. அந்தக் கமிட்டுகள் குறைந்ததற்காக யாரும் வருந்தத் தேவையில்லை.

உண்மையான இழப்பும் இருந்தது. எச்பி தன் ஹீலியன் பொது கிளவுடை 2016 ஜனவரி இறுதியில் மூடியது. ராக்ஸ்பேஸுடன் கூட்டாக நடத்திய ஓப்பன்ஸ்டாக் புத்தாக்க மையத்துக்கு அளித்துவந்த நிதியை இன்டெல் 2017-இல் நிறுத்தியது. அதே ஆண்டுகளில், செயலிகளைக் கன்டெய்னர் என்ற சிறு பொதிகளாக இயக்கும் குபர்நெட்டிஸ் பக்கம் எல்லோருடைய கவனமும் திரும்பியது. முழுநேரமாக இதற்கென்றே இருந்த பொறியாளர்கள் வேறு பணிகளுக்குச் சென்றபோது, அவர்களோடு பல ஆண்டு நினைவும் போய்விட்டது. அது வரைபடத்தில் தெரியாது. மறுபுறம், அடிப்படை வசதிகள் முதிர்ந்துவிட்ட மென்பொருளில் கமிட் குறைவது இயல்பு. 2023 நவம்பரில், மெய்நிகராக்க மென்பொருள் விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கி முடித்த பிறகு, உரிமக் கட்டணத்துக்கு அஞ்சி மாற்று தேடுபவர்களின் பார்வை மீண்டும் ஓப்பன்ஸ்டாக்கின் மீது விழுந்திருக்கிறது. எனக்கு வரும் விசாரணைகளிலும் அது தெரிகிறது.

மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்ற செய்தியை வைத்து நம் பக்கத்தில் யாரும் நாற்றங்காலை உழுவதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்றே கேட்போம். கமிட் எண்ணிக்கையும், அனுப்பப்படும் பேட்சுகளின் எண்ணிக்கையும் திறந்துவிட்ட கன அடி மாதிரி. முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய பேட்ச் எவ்வளவு நாளில், யாருடைய மறுஆய்வுக்குப் பிறகு உள்ளே சேர்க்கப்படுகிறது என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது.

ஓப்பன்ஸ்டாக்கில் எவரும் நேரடியாக நிரலைச் சேர்க்க முடியாது. கெரிட் என்ற மறுஆய்வு அமைப்புக்கு பேட்ச் சென்றதும், ஜூல் என்ற தானியங்கி அமைப்பு சோதனைகளை ஓட்டுகிறது. அதன் பிறகு, கோர் என்று அழைக்கப்படும் மூத்த மறுஆய்வாளர்கள் பொதுவாக இருவர் ‘பிளஸ் 2’ தர வேண்டும். அவர்களில் ஒருவர் ஒப்புதலும் அளித்த பின், ஜூல் மறுபடியும் சோதித்து, தேறினால் மட்டுமே இணைக்கிறது. ஆகவே இங்கே பற்றாக்குறையான பொருள் நிரல் எழுதுபவரின் நேரம் அன்று, கோர் மறுஆய்வாளரின் நேரமே. எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தாலும், அண்மையில் இணைக்கப்பட்ட பேட்சுகளைக் கெரிட்டில் திறந்து, முதல் கருத்து வர எத்தனை நாள் ஆனது, பிளஸ் 2 தந்தவர்கள் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்களா என்று பாருங்கள். எல்லோரும் ஒரே நிறுவனத்தார் என்றால், அந்த நிறுவனம் மனம் மாறும் நாளில் அப்பகுதி அநாதையாகிவிடும்.

இன்னொன்றையும் உங்கள் சக ஆசிரியரிடம் சொல்லலாம். ஓப்பன்ஸ்டாக் என்பது ஒரே மென்பொருள் அன்று, பல திட்டங்களின் கூட்டம். நோவா, நியூட்ரான், சிண்டர் (வட்டுச் சேமிப்பு), அயர்னிக் (நேரடி வன்பொருள் நிர்வாகம்) போன்றவற்றில் இன்றும் அன்றாட வேலை நடக்கிறது. பராமரிக்க ஆளில்லாமல் போன சஹாரா, முரானோ, சென்லின் ஆகியவை 2024-இல் முறைப்படி நிறுத்தப்பட்டன. இதை நான் நோயின் அறிகுறியாகப் பார்க்கவில்லை. பயன்படுத்துபவரை ஏமாற்றாமல், இதற்கு ஆள் இல்லை என்று வெளிப்படையாக அறிவித்து மூடும் துணிவு எல்லாச் சமூகங்களுக்கும் இருப்பதில்லை.

பதில் 2: உறையூர்க்காரர்

மேலே சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் முடிவில் வேறுபடுகிறேன். மாணவியருக்கு அப்பாச்சி கிளவுட்ஸ்டாக் பொருத்தமானது என்பது என் கருத்து. சிட்ரிக்ஸ் 2012 ஏப்ரலில் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்த திட்டம் அது; 2013 மார்ச்சில் அங்கே முதல்நிலைத் திட்டமாக உயர்ந்தது. சமூகம் சிறியதுதான். ஆனால் பெரும்பகுதி ஜாவாவில் எழுதப்பட்ட ஒரே களஞ்சியம் என்பதாலும், கிட்ஹப் வழியாகவே புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும்படி கோருவது) அனுப்பலாம் என்பதாலும், கெரிட்டைக் கற்பதிலேயே ஒரு மாதம் போய்விடாது. நம் கல்லூரிகளில் ஜாவாவும் கிட்ஹப்பும் எல்லோருக்கும் ஓரளவு பழக்கம்.

அப்பாச்சியில் நிறுவனத்துக்கு வாக்கு இல்லை, தனி மனிதருக்கே உண்டு. தொடர்ந்து உழைப்பவரை, நிரலைச் சேர்க்கும் உரிமையுள்ள கமிட்டராக அழைக்கிறார்கள். முக்கியத் தொழில்நுட்ப முடிவுகள் மெயிலிங் லிஸ்டில் எல்லோர் கண்முன்னும் நடக்கின்றன. ஓப்பன்ஸ்டாக்கில் ஒவ்வொரு பகுதிக்கும் தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் உண்டு என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அண்மை ஆண்டுகளில் பல பகுதிகளுக்கு வேட்பாளரே முன்வராமல், தொழில்நுட்பக் குழு தலையிட்டு ஆளை நியமிக்க நேர்ந்துள்ளது. தலைவரே வேண்டாம், பொறுப்புகளைப் பிரித்துக்கொள்வோம் என்ற மாற்று ஏற்பாட்டுக்கும் சில பகுதிகள் மாறியுள்ளன. சமூகத்தின் களைப்பு கமிட் வரைபடத்தைவிட இங்கேதான் நன்றாகத் தெரிகிறது.

பதில் 3: பாபநாசத்திலிருந்து பெங்களூரு

வணக்கம் மேடம். நானும் கும்பகோணத்தில் படித்தவள்தான். இப்போது பெங்களூருவில் ஒரு கிளவுட் குழுவில் இருக்கிறேன். உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

8 ஜிபி கணினியில் டெவ்ஸ்டாக் (சோதனைக்காக ஓப்பன்ஸ்டாக்கை ஒரே கணினியில் அமைத்துத் தரும் நிரல்) நிறுவிப் பார்த்தால் திணறும். மேலும் அது இயங்குதளத்தின் அமைப்புகளையே மாற்றிவிடும் என்பதால், தனி மெய்நிகர் கணினியில் மட்டுமே நிறுவ வேண்டும். ஆய்வகக் கணினியில் நேரடியாக நிறுவ யாரையும் அனுமதிக்காதீர்கள். ஆனால் பெரும்பாலான சிறு பக் (பிழை) திருத்தங்களுக்கு டெவ்ஸ்டாக் தேவையே இல்லை. பைத்தானும் டாக்ஸ் என்ற கருவியும் இருந்தால் நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் அலகுச் சோதனைகள் உங்கள் கணினிகளிலேயே ஓடும். முழுச் சோதனையை ஒவ்வொரு பேட்சுக்கும் ஜூலே நடத்துகிறது. அதற்கான கணினிகளைப் பல கிளவுட் நிறுவனங்கள் நன்கொடையாகத் தருகின்றன. தோல்வியடைந்த சோதனையின் பதிவுகள் முழுவதையும் எவரும் உலாவியில் படிக்கலாம். ஓர் உண்மையான கிளவுட் எங்கே எப்படி முறிகிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல ஆய்வகத்தை எந்தக் கல்லூரியும் கட்டித் தர முடியாது என்றே நினைக்கிறேன்.

அந்தக் கணினிகள் நன்கொடையாக வந்தவை என்பதாலேயே ஒரு மரியாதை தேவைப்படுகிறது. சோதனை தோற்றால், ‘ரீசெக்’ என்று கருத்துப் பெட்டியில் எழுதி மறுபடி ஓட்டலாம். காரணத்தைப் பார்க்காமல் வெறுமனே அப்படி எழுதுவதைச் சமூகம் விரும்புவதில்லை. எதனால் தோற்றது என்று ஒரு வரி சேர்க்கும்படி கேட்கிறார்கள்.

இணையம் பற்றிய கவலையும் வேண்டாம். உரையாடல்கள் மெயிலிங் லிஸ்டிலும், ஓஎஃப்டிசி வலையமைப்பில் உள்ள ஐஆர்சி என்ற எழுத்து அரட்டை அறைகளிலும் நடக்கின்றன. இரண்டும் வெறும் எழுத்துகள்தான் என்பதால் கைப்பேசி இணையமே போதும். யுடிசி நேரப்படி 14 மணிக்கு நடக்கும் கூட்டம் நமக்கு இரவு ஏழரை மணி. வர முடியாதவர்கள் கூட்டப் பதிவைப் பிறகு படித்துக்கொள்ளலாம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேதாரண்யம் பக்கத்தில் மின்சாரம் திரும்ப எவ்வளவு காலம் ஆனது என்பது உங்களுக்கே தெரியும். அப்படி ஒருவர் திடீரென்று மௌனமாகிவிட்டாலும், அதே பேட்சின் அடுத்த வடிவத்தை வேறொருவர் கெரிட்டில் ஏற்றி, இருவரையும் ஆசிரியராகக் குறிப்பிட்டுத் தொடரலாம்.

யாரும் சொல்லாத ஒரு சிக்கல் உண்டு, அது காலம். பதிப்புகள் ஏறக்குறைய ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளிவருகின்றன. வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பே புதிய வசதிகளுக்குக் கதவு மூடப்படும். அதாவது, உங்கள் மாணவியர் திட்டப்பணியில் மூழ்கியிருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் மறுஆய்வாளர்களும் மூச்சுவிட நேரமின்றி இருப்பார்கள். ஆகையால் அக்டோபர் வெளியீடு முடிந்து அடுத்த சுற்று தொடங்கும்போதே, ஏழாம் பருவத்திலேயே முதல் பேட்சை அனுப்பிவிடுவது நல்லது. புதிய வசதியைத் தொடவே வேண்டாம். பக்குகளைப் பதிவுசெய்யும் தளமான லாஞ்ச்பேடில் ‘லோ ஹேங்கிங் ஃப்ரூட்’ (எளிதில் எட்டும் கனி) என்று குறியிடப்பட்ட பக்குகள் இருக்கும். ஆனால் அவற்றில் பழையவை பல ஏற்கெனவே சரிசெய்யப்பட்டும் மூடப்படாமல் கிடக்கும். அவற்றைச் சரிபார்த்து மூடச் சொல்வதுகூட வரவேற்கப்படும் பங்களிப்பே.

குடந்தை விரிவுரையாளர்

மூவருக்கும் நன்றி. உறையூர்க்காரர் ஐயா சொன்ன தேர்தல் விவரம் எனக்குப் புதியது. ஒரு ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. பல்கலைக்கழக விதிப்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். இணைக்கப்பட்ட பேட்சுகளை எண்ணி மதிப்பெண் போடுவது மேலே சொல்லப்பட்ட அதே தவறில்தான் முடியும். இணைவதோ எங்கள் கையில் இல்லை. வேறு எதை அளவாகக் கொள்வது?

பதில் 4: மன்னை நிர்வாகி

மறுஆய்வுக் கருத்துகளை அளவாகக் கொள்ளுங்கள். கெரிட்டில் யார் வேண்டுமானாலும் பிறருடைய பேட்சைப் படித்து ‘பிளஸ் 1’ அல்லது ‘மைனஸ் 1’ தரலாம். வெறும் பிளஸ் 1-க்கு மதிப்பு இல்லை. இந்தச் சூழலுக்குச் சோதனை எழுதப்படவில்லை, இந்தப் பிழைச்செய்தி பயனருக்குப் புரியாது என்று காரணத்தோடு எழுதியவருக்கு மதிப்பு உண்டு. பின்னாளில் கோர் ஆகிறவர்கள் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். மாணவி எழுதிய கருத்தை பேட்சின் ஆசிரியர் ஏற்று நிரலை மாற்றினாரா என்பது கெரிட்டிலேயே தேதியுடன் பதிவாகியிருக்கும். உங்கள் புறத்தேர்வாளரும் அதைத் திறந்து பார்க்கலாம். தன் சொந்த பேட்சுக்கு வந்த விமர்சனத்துக்கு அந்த மாணவி எப்படிப் பதில் சொன்னார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே வாரத்தில் இறக்கிவிடாதீர்கள். அறுபது மாணவர்கள் அறுபது சிறு பேட்சுகளை அனுப்பினால், அவற்றைப் படிக்கும் சுமை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மேல் விழும். அந்தக் கல்லூரியின் பெயரைப் பார்த்தாலே பிறகு யாரும் திறக்க மாட்டார்கள். நான்கைந்து பேர் கொண்ட குழு, ஒரே ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்ஸ்டாக் எஸ்டிகே (பிற நிரல்கள் ஓப்பன்ஸ்டாக்கோடு பேச உதவும் பைத்தான் நூலகம்) அல்லது அதன் கட்டளைவரிக் கருவி தொடக்கத்துக்கு ஏற்றது. முழு கிளவுடும் கையில் இல்லாமலே பெரும்பகுதி வேலையைச் செய்யலாம்.

பழைய வழிகாட்டிகளில் பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்று இருக்கும். 2025 ஜூலை முதல் அந்த முறை மாறிவிட்டது. இப்போது ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் அனுப்புபவரின் பெயரும் மின்னஞ்சலும் கொண்ட ‘சைன்ட் ஆஃப் பை’ வரி இருந்தால் போதும். கல்லூரி மின்னஞ்சல் படிப்பு முடிந்ததும் முடக்கப்படும் என்றால், தொடக்கத்திலிருந்தே சொந்த மின்னஞ்சலைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.